வீட்டில் மொறிஸ் மைனர்: எந்த வேலை முதலில்?

பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்குகிறவர்களில் பலர் செலவைத் தொடங்குவது பெயின்ற்றில். அடுத்தது சீற் உறை, குரோம் பூச்சு. பிறகு எஞ்சின். காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் ஏதாவது சத்தம் கேட்டால்தான். இந்த ஒழுங்கை அப்படியே தலைகீழாக்க வேண்டும். மைனரின் எஞ்சின் பிழைத்தால் கார் தெருவோரத்தில் நிற்கும், அவ்வளவுதான். முன்சில்லைத் தாங்கும் மரைக் கட்டையான கீழ் ட்ரனியன் கழன்றால் சில்லு மட்கார்ட்டுக்குள் மடிந்து விழும். பிறேக் குழாய் ஒன்று வெடித்தால் நான்கு சில்லுக்குமான பிறேக்கும் ஒரே மிதியில் போய்விடும். ஆகவே அடிப்பாகம் முதலில், பிறேக் இரண்டாவது, மின்சாரம் மூன்றாவது, எஞ்சின் அதற்குப் பிறகு, பெயின்ற் கடைசி.

வேலையைத் தொடங்குமுன் உங்களிடம் இருப்பது எந்த மைனர் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1948இல் வந்த முதல் மைனருக்கு 918 சி.சி. சைட் வால்வ் எஞ்சின். 1952இலிருந்து ஏ சீரிஸ் என்ற வகை எஞ்சின், 803 சி.சி. 1956இல் மைனர் 1000 என்ற பெயரோடு 948 சி.சி.யும், நடுக்கம்பி இல்லாத ஒற்றை முன்கண்ணாடியும் வந்தன. 1962இல் 1098 சி.சி. உற்பத்தி 1971 வரை நீடித்தது. எஞ்சின் தகட்டில் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098. அதே இலக்கத்தில் வரும் எச் அல்லது எல் என்ற எழுத்து கம்பிரஷன் கூடியதா குறைந்ததா என்பதைச் சொல்லும். 1098இன் முன் பிறேக் ட்ரம் 8 அங்குலம், 948க்கு 7 அங்குலம். கடைக்காரரிடம் "மைனர் பிறேக் சூ" என்று மட்டும் கேட்டால் பாதிச் சந்தர்ப்பத்தில் பிழையானது கைக்கு வரும். இடையில் எத்தனை கை மாறி, எஞ்சினும் அக்சிலும் எத்தனை முறை மாற்றப்பட்டனவோ தெரியாது. ஆதலால் புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பாமல் ட்ரம்மைக் கழற்றி அளந்து பாருங்கள். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஆயுதங்களில் ஒரு எச்சரிக்கை. மைனரின் நட் போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. 7/16, 1/2, 9/16, 5/8 ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான அகலம்) ஸ்பனர்கள் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 மி.மீ. ஸ்பனர் அதில் ஏறும், ஆனால் துருப்பிடித்த நட்டில் வழுக்கி மூலைகளை உருட்டிவிடும். மெற்றிக் போல்ட்டை அங்குல மரையில் திணிப்பது இதைவிட மோசம். இரண்டு சுற்று ஏறும்வரை எல்லாம் சரிபோலத் தெரியும், பிறகு மரை போய்விடும். இவற்றோடு ஃபீலர் கேஜ், கிறீஸ் கன், 12 வோல்ற் ரெஸ்ற் லாம்ப், டோர்க் ரென்ச், உறுதியான நான்கு அக்சில் ஸ்ராண்ட். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. மைனரில் ஜாக் பொருத்தும் இடமே துருப்பிடித்து உள்ளே போயிருக்கக்கூடும் என்பதால் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

அடியில் படுத்துப் பார்க்கும்போது

மைனருக்குத் தனிச் செசி கிடையாது. உடல்தான் செசி. பாரத்தைத் தாங்குவது தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம், முன்சீற்றுக்குக் கீழே குறுக்காகப் போகும் சட்டம் ஆகியவை சேர்ந்துதான். முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக முறுகும் கம்பிகளான டோர்ஷன் பார்கள் இரண்டின் பின்முனையும் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பிடிபட்டிருக்கின்றன. அது உக்கினால் முன் சஸ்பென்ஷன் எதைப் பிடித்து நிற்கும்?

பார்க்க வேண்டிய இடங்கள் இவை. குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், கதவடிப் பெட்டியின் உட்பக்கத் தகடு, பின் ஸ்பிரிங் தகடுகளின் முன்முனை தொங்கும் இடம், சாரதியின் காலடியில் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் நீளச் சட்டம், முன் மட்கார்ட்டின் உட்சுவர். பெரிய ஸ்குரூ ட்ரைவர் ஒன்றை எடுத்துக் கைப்பலத்தோடு குத்துங்கள். நல்ல தகடு "டங்" என்று திருப்பிச் சொல்லும். உக்கியது மொத்தென்று உள்வாங்கும். மேலே தடிப்பாகக் கறுப்புப் பூச்சு இருந்தால் சுரண்டிவிட்டுக் குத்துங்கள். வெளித்தகடுகளுக்குக் காந்தம் போதும். மெல்லிய துணியைச் சுற்றிய காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது பள்ளத்தை மூடிய பசை. இன்னொரு சோதனையும் உண்டு. கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள், பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கில் உயர்த்திவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். உயர்த்தியதும் கதவு இடிக்கிறதென்றால் உடல் வளைகிறது. கூரை மடிக்கும் மொடலில் மேலே பிடிக்க ஒன்றும் இல்லாததால் இந்த வளைவு இன்னும் கூட.

யாழ்ப்பாணம், மன்னார், நீர்கொழும்பு போன்ற கடற்கரைப் பக்கக் கார்களில் துரு உள்ளிருந்துதான் தொடங்கும். உப்புக்காற்றின் ஈரம் பெட்டிச் சட்டத்துக்குள் போய்த் தங்கும். கதவின் அடி விளிம்பிலும் பெட்டிச் சட்டத்திலும் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் ஈரம் வெளியே வர வழியில்லை. ஒரு துண்டுக் கம்பியால் அந்தத் துளைகளை மாதம் ஒருமுறை குத்திவிடுவது செலவில்லாத வைத்தியம்.

வெட்டி ஒட்டும் வேலை என்றால், குறுக்குச் சட்டத்துக்கும் ஸ்பிரிங் தொங்கிக்கும் 1.6 மி.மீ. தகடு, கதவடிப் பெட்டிக்கு 1.2 மி.மீ. தரைத் தகட்டுக்கு 1 மி.மீ. போதும். பழைய தகட்டுக்கு மேலே புதுத் தகட்டை ஒட்டி மூடுவது வழக்கமாக நடக்கும் ஏமாற்று. இடையில் அகப்பட்ட துரு புதியதையும் தின்னும். உக்கிய பகுதியை வெட்டி எறிந்து, நல்ல உலோகம் தெரியும்வரை போய், அங்கிருந்துதான் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பின்பே மறுபக்கத்தில் கை வையுங்கள். வெட்டுமுன் கதவு வாசலுக்குள் கோணக்கம்பியால் குறுக்கே முட்டுக் கொடுத்து ஒட்டிவிட வேண்டும். கதவுகளைக் கழற்றாமல் வைத்து, ஒவ்வொரு சில துண்டுக்கும் ஒருமுறை மூடி இடைவெளியைப் பார்க்க வேண்டும். முட்டில்லாமல் வெட்டிய மைனர் நடுவில் தொய்ந்துவிடும், அதன் பிறகு கதவைச் சரிசெய்ய எந்தக் கீலாலும் முடியாது. காஸ் வெல்டிங் மெல்லிய தகட்டை நெளிக்கும் என்பதால் மிக் வெல்டிங்கே நல்லது. மேல்தகட்டில் 6 மி.மீ. துளைகளை 30 மி.மீ. இடைவெளியில் போட்டு அதற்குள் உருக்கி நிரப்பினால் தொழிற்சாலைப் புள்ளி ஒட்டுக்கு நிகராக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களுக்கு ஒட்டுமுன் நாகப் பிறைமர் அடியுங்கள். பற்றறியைக் கழற்றிவிடுங்கள். பின்பக்கத்தில் ஒட்டுவதானால் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். வெறுந்தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதற்குள் இருப்பது ஆவி.

முடிந்ததும் பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகுப் பூச்சு விசிற வேண்டும். கழிவு எஞ்சின் ஒயிலை ஊற்றுவது நம்மிடையே பழைய பழக்கம். ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட அது பரவாயில்லை என்றாலும், அதில் அமிலம் இருக்கிறது, றபர் புஷ்களையும் கெடுக்கும்.

ட்ரனியன்

மைனர் வைத்திருப்பவர் வேறெதைத் தெரியாவிட்டாலும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். முன்சில்லு திரும்புவது ஒரு நிலைக்குத்துத் தண்டில். அதன் மேல்முனையும் கீழ்முனையும் மரை வெட்டப்பட்டு, ட்ரனியன் எனப்படும் மரை கொண்ட கட்டைகளுக்குள் ஏறியிருக்கின்றன. நீங்கள் ஸ்ரியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் திருகி இறங்கி ஏறுகிறது. காரின் முன்பாரம் முழுவதும் கீழ் ட்ரனியனின் மரையில். கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேயும், தேய்ந்தால் ஒருநாள் தண்டு வழுகி வெளியே வரும். பெரும்பாலும் இது நடப்பது மெதுவாகத் திருப்பும்போதுதான், ஏனெனில் ஸ்ரியரிங் ஓரம்வரை போகும்போது மரையின் பிடி மிகக் குறைவு. வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்றாக இரண்டு கிறீஸ் நிப்பிள், ரை றொட் முனையில் இன்னொன்று. பழைய மனுவல் சொல்வது 1000 மைலுக்கு ஒருமுறை, அதாவது 1600 கிலோமீற்றர். இதைக் கூட்ட வேண்டாம். மழைக்காலத்தில் குறைத்தாலும் பிழையில்லை. முக்கியமான விஷயம், கிறீஸ் அடிக்கும்போது சில்லு நிலத்தில் இருக்கக்கூடாது. பாரம் இருந்தால் மரையின் தாங்கும் பக்கம் ஒட்டிப்போய் இருக்கும், கிறீஸ் பாரமில்லாத பக்கத்தால் மட்டும் பிதுங்கி வெளியேறும். ஜாக்கில் உயர்த்தி, அடித்துக்கொண்டே சில்லை இடமும் வலமும் திருப்புங்கள். பழைய கறுத்த கிறீஸ் வந்து, பிறகு புதியது தலைகாட்டும்வரை அடியுங்கள். ஒன்றுமே வெளிவராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது, கழற்றி மாற்றுங்கள். கிறீஸ் கன்னுக்குள் ஒயில் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது ட்ரயம்ப் கார்களுக்கு உரிய விதி. மைனருக்குக் கிறீஸ்தான்.

தேய்மானம் பார்க்க, சில்லை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பிழை பெயரிங்கில். நிற்காவிட்டால் ட்ரனியனில் அல்லது மேற்கையின் (சில்லை மேலே பிடிக்கும் கையின்) புஷ்ஷில். ட்ரனியனை மட்டும் மாற்றித் தேய்ந்த தண்டை விட்டுவிடுவது காசைக் கரைப்பது. இரண்டும் சோடியாகத்தான் போக வேண்டும். இடப்பக்க உருப்படி வலப்பக்கத்துக்குப் பொருந்தாது. கழற்றுமுன் கீழ்க்கையின் அடியில் ஜாக் கொடுத்துத்தான் கழற்ற வேண்டும், டோர்ஷன் பாரில் முறுக்கு இருக்கும்போது அந்தக் கை விடுபட்டால் எலும்பை உடைக்கும். டோர்ஷன் பார்களையும் பக்கம் மாற்றிப் போடக்கூடாது. அவற்றில் உளி, சுத்தியல் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு கீறலே பிறகு முறிவுக்கு வழியாகும். வேலை முடிந்ததும் முன்சில்லுகளின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்குவதை (ரோ இன்) 2.4 மி.மீ. (3/32 அங்குலம்) என்ற அளவில் அமையுங்கள்.

முன் ஷொக் அப்சோபர் மைனரில் வெறும் ஷொக் அப்சோபர் அல்ல. அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேற்கை. ஒயில் கசிந்து வெற்றானால் கார் துள்ளும், அச்சு தேய்ந்தால் சில்லே சாயும். மேலே உள்ள மூடியைக் கழற்றி ஷொக் அப்சோபர் ஒயில் நிரப்பலாம். மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் திறந்தால் மண்தான் உள்ளே போகும். பிறேக் ஒயிலை இதற்குள் ஊற்றவே கூடாது.

பிறேக்

மாஸ்டர் சிலிண்டர் இருப்பது சாரதியின் காலுக்குக் கீழே, நீளச் சட்டத்துக்குள். ஒயில் பார்க்கக் கம்பளத்தைத் தூக்கித் தரையில் உள்ள தகட்டைக் கழற்ற வேண்டும். இந்த அலுப்பினாலேயே யாரும் பார்ப்பதில்லை. ஒற்றைச் சுற்று என்பதால் எங்காவது ஒரு கசிவு வந்தால் பின்வாங்க இன்னொரு சுற்று இல்லை. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மட்டம் இறங்குகிறதென்றால் ஒயில் எங்கோ போகிறது. சில்லின் உட்பக்க விளிம்பைத் தடவிப் பார்த்தால் எங்கே என்று தெரியும்.

சிலிண்டரை வெளியே எடுப்பது இந்தக் காரின் மிகவும் எரிச்சலூட்டும் வேலை. பிடித்திருக்கும் போல்ட்டுகளை முழுவதும் இழுக்க விடாமல் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். பாரைத் தளர்த்தி விலக்கித்தான் ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகிவிட்டால் அடுத்த முறை பாரைத் தொட வேண்டியதில்லை. எடுத்த சிலிண்டரின் உட்சுவரில் நகம் தடுக்கும் அளவுக்குக் குழி இருந்தால் புது றபர் போட்டுப் பயனில்லை. சிலிண்டரையே மாற்றுங்கள், அல்லது துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்கும் லேத் இருந்தால் அங்கே கொடுங்கள்.

முன்பக்கம் சில்லுக்கு இரண்டு சிலிண்டர், பின்பக்கம் ஒன்று. மூன்று றபர் குழாய்கள். றபர் குழாய் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது பிறேக் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது. ஒரு சில்லு மட்டும் சுடுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. வயது தெரியாத குழாய் என்றால் மூன்றையும் மாற்றுங்கள். விலை பெரிதில்லை.

டொட் 3 அல்லது டொட் 4 ஒயில் போதும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நமது காலநிலையில் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். ஈரம் சேர்ந்த ஒயில் சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்யும், மலையிறக்கத்தில் கொதித்து மிதியை வெறுமையாக்கும். ஹட்டன், நுவரெலியா பக்கம் இறங்குகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடச்சில்லில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று கிட்ட வாருங்கள்.

சூவைச் சரிசெய்ய, சில்லின் தொப்பியைக் கழற்றி, துளை வழியாக ஸ்குரூ ட்ரைவரை விடுங்கள். முன்சில்லில் இரண்டு திருகிகள், பின்னால் ஒன்று. சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு சொடுக்கு பின்வாங்குங்கள். முன்னால் ஒன்றை மட்டும் சரிசெய்து மற்றதை மறந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். மிதியின் மேல் சிறு தளர்வு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சிலிண்டரின் திரும்பு துளை மூடியே இருந்து, ஓட ஓடப் பிறேக் தானாகவே இறுகும். கைப்பிறேக்குக்கு இரண்டு தனிக்கேபிள்கள், நெம்புகோலின் அடியில் தனித்தனி நட். காற்பிறேக் சூவை முதலில் சரிசெய்து, அதன் பிறகே கேபிளைத் தொடுங்கள். ஒற்றைச் சுற்றுப் பிறேக் உள்ள காரில் கைப்பிறேக் நிறுத்தி வைப்பதற்கு மட்டுமானதல்ல.

மின்சாரம்

மைனரில் உடலோடு சேர்வது பற்றறியின் பொசிற்றிவ். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். பற்றறி மாற்ற வந்தவர் பழக்கத்தில் தலைகீழாகப் பூட்டிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். இடையில் யாராவது நெகற்றிவுக்கு மாற்றியிருக்கவும் கூடும், எனவே எதையும் பூட்டுமுன் உடலுக்குப் போகும் வயரைத் தேடிப் பாருங்கள். நீங்களே மாற்றுவதானால் பற்றறி வயர்களை மாற்றி, கொயிலின் இரு சிறு வயர்களையும் மாற்றி, டைனமோவின் எஃப் முனையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, பற்றறியின் உயிர்முனையிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஓரிரு நொடி தொட்டெடுக்க வேண்டும். இந்தத் தொட்டெடுப்பை விட்டால் டைனமோ தலைகீழாகவே மின்சாரம் ஆக்கும். றேடியோ, எலெக்ட்ரொனிக் இக்னிஷன், புதிய வகைப் பெற்றோல் பம்ப் ஆகியவை முனை மாறினால் எரிந்துபோகும்.

தொழிற்சாலை கொடுத்தது 35 அம்பியர் ஃபியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைற்றுக்கு ஃபியூஸே இல்லை. துணி சுற்றிய பழைய வயர் உரிந்து உடலில் பட்டால் ஹார்னஸ் முழுவதும் புகையும். ஹெட்லைற்றுக்கு றிலே ஒன்றும் ஃபியூஸும் போடுங்கள். வெளிச்சமும் கூடும், ஏனெனில் பழைய சுவிட்ச் வழியாக வரும்போது வோல்ற் பாதியிலேயே கரைகிறது. டைனமோ தருவது ஏறத்தாழ 20 அம்பியர்தான், அதில் ஏசியும் அம்ப்லிஃபையரும் ஓட்ட ஆசைப்படாதீர்கள்.

எஞ்சின்

ஏ சீரிஸ் எஞ்சின் எளிமையானது, ஆனால் ட்யூன் செய்யும் ஒழுங்கைக் குழப்பினால் நாள் முழுக்க ஓட வைக்கும். ரப்பெற் (வால்வுகளின் இடைவெளி) முதலில், பிறகு பொயின்ற் (பிளக்கின் தீப்பொறிக்கான மின்தொடுப்பு), பிறகு ரைமிங் (தீப்பொறி விழும் நேரம்), காபரேற்றர் கடைசி. காபரேற்றரில் தொடங்குகிறவர் மற்ற மூன்றின் பிழைகளையும் அந்த ஒரு நட்டில் தீர்க்கப் பார்க்கிறார்.

ரப்பெற் இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.30 மி.மீ. (0.012 அங்குலம்). எட்டு வால்வுகளுக்கும் ஒன்பதுக் கணக்கு. எட்டாவது முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அமையுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. பொயின்ற் இடைவெளி 0.36 முதல் 0.41 மி.மீ. பிளக் 0.64 மி.மீ. எரியும் ஒழுங்கு 1-3-4-2. ரைமிங் மூடியில் உள்ள பற்களில் நீளமானது உச்சநிலை, மற்றவை 5, 10 பாகை. உங்கள் கம்பிரஷனுக்கு மனுவல் சொல்லும் பாகையில் நிறுத்தி, ரெஸ்ற் லாம்பைப் பொயின்ற் வயருக்கும் உடலுக்கும் இடையில் பூட்டி, டிஸ்ரிபியூற்றரை மெல்லத் திருப்புங்கள். லாம்ப் எரியும் கணம்தான் பொயின்ற் திறக்கும் கணம். இங்கே கிடைக்கும் 92 ஒக்ரேன் பெற்றோலில் எச் எஞ்சின் ஏற்றத்தில் கிணுகிணுத்தால் ஓரிரு பாகை பின்வாங்குங்கள், அல்லது 95 அடியுங்கள்.

ஈயமில்லாத பெற்றோல் வந்த பின் பழைய ஹெட்டின் எக்ஸோஸ்ற் வால்வு சீற் (வால்வு அமரும் இடம்) மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அறிகுறி எளிது. ஒவ்வொரு முறையும் எக்ஸோஸ்ற் ரப்பெற் இடைவெளி குறைந்திருக்கும். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே போனால் ஹெட்டைக் கழற்றிக் கடின சீற் அடிக்கக் கொடுங்கள். அமைதியாக ஊருக்குள் ஓடும் காருக்கு இது பல வருடம் வராமலும் போகலாம். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி மூன்று கட்டமாக 54 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கி, ஓடிச் சூடேறி ஆறிய பின் மறுபடி சரிபார்த்து, ரப்பெற்றையும் மறுபடி அமைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களை இன்றும் காணலாம். சொட்டுப் பெற்றோலில் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய காலம் அது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்புக்குள் இறங்கி, ஒயிலைத் தண்ணீராக்கியிருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினை வாங்கினால் கம்பிரஷன் பார்க்காமல் ட்யூன் செய்ய வேண்டாம். நான்கு பிளக்கையும் கழற்றி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து அளவுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடப் பத்து வீதத்துக்கு மேல் குறைந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு.

மைனரின் எஸ்.யு. வகைக் காபரேற்றரில் மேலேயுள்ள கறுப்புத் தொப்பியைத் திறந்து உள்தண்டின் விளிம்புக்கு மேல் 13 மி.மீ. வரை 20 இலக்க ஒயில் விடுங்கள். அது வற்றினால் மிதிக்கும்போது எஞ்சின் திக்கும். பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால் "டக்" என்று விழ வேண்டும். எஞ்சின் சூடேறிய பின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் சாகப் பார்த்தால் குறைவு, கணம் கூடிப் பழையபடி வந்தால் சரி. கீழுள்ள நட்டை ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள். கீழே இறக்கினால் பெற்றோல் கூடும்.

சாவியைப் போட்டதும் பெற்றோல் பம்ப் சில தடவை தட்டி நிற்க வேண்டும். நிற்காமல் தட்டினால் தாங்கி வெறுமை அல்லது குழாயில் காற்று நுழைகிறது. தட்டவே இல்லையென்றால் அதன் பொயின்ற் கருகியிருக்கிறது. ஸ்பனர்ப் பிடியால் மெல்லத் தட்டினால் வீடுவரை கொண்டுவரும், பிறகு பொயின்ற்றைத் துடையுங்கள்.

சூடாகும் வருத்தத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர். கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றர்க் குழாய்களிலும் படியும். மழைத்தண்ணீர் அல்லது வடித்த தண்ணீரோடு கூலன்ற் சேர்த்து ஊற்றுங்கள். குளிரில்லாத நாட்டில் கூலன்ற் எதற்கு என்று கேட்பார்கள். உள்ளே வார்ப்பிரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத்தான். எஞ்சின் புளொக்கின் பின்பக்கத் தண்ணீர் வடிகாலைத் திறந்தால் பல கார்களில் ஒன்றும் வராது. கம்பியால் குத்தினால் சேறு வரும். நாலாம் சிலிண்டரைச் சுற்றி அந்தச் சேறுதான் நிற்கிறது. தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது தீர்வல்ல. எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடினால் ஒயில் கெடும்.

ஒயில் 20டபிள்யு-50, ஃபில்ற்றரோடு ஏறத்தாழ 3.7 லீற்றர். கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் ஒயில்தான், 1.3 லீற்றர் அளவு. பின் அக்சிலுக்கு ஈ.பி. 90, 0.85 லீற்றர். அக்சிலில் கூடுதலாக ஊற்றினால் மிச்சம் பின் பிறேக்குக்குள் போகும். எஞ்சினின் பின்முனையில் றபர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி அனுப்பும் ஒரு மரை மட்டும்தான். ஆகவே நிறுத்திய இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு வழக்கம். குளமாகத் தேங்கினால் றிங் தேய்ந்து உள்ளே அமுக்கம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கிளச் உறையின் அடியில் ஒரு துளையில் பிளவு ஊசி ஒன்று தொளதொளவென்று தொங்கும். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று அதை இழுத்து எறியாதீர்கள். ஆடி ஆடித் துளையை அடைபடாமல் வைத்திருக்கத்தான் அது. அடைத்தால் அந்தச் சொட்டுகள் கிளச் தட்டுக்குப் போகும். முதல் கியரில் ஊளைச்சத்தம் இருந்தால் பயப்பட வேண்டாம். முதல் கியருக்குச் சிங்க்ரோ (பற்களின் வேகத்தை இணக்கும் அமைப்பு) இல்லை, கார் நின்ற பிறகே போடுங்கள்.

கடைசியில் பெயின்ற். வீட்டில் அடிப்பதானால் இரண்டு பொருள் கலக்கும் ரூ கே பெயின்ற்றைத் தொடாதீர்கள். அதன் ஐசோசயனேற்று சாதாரண முகமூடிக்கு அடங்காது, வெளிக்காற்றுக் குழாய் உள்ள முகமூடி வேண்டும். செலுலோஸ் மெல்ல ஏறும், பல பூச்சுத் தேவை, ஆனால் பிழைத்த இடத்தைத் தேய்த்து மறுபடி அடிக்கலாம். மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் பிடித்து வெளுக்கும். அடித்து முடித்ததும் கதவுகளின் அடித்துளைகளைப் பாருங்கள், பெயின்ற் அவற்றை மூடியிருக்கும்.